கள்ளும் வைனும் சுவைக்கப் போன நாள்

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் வைன், கள் என்று சுவைத்துத் திரிய நினைப்பவர்கள் இதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள். எந்தத் தவறணையில் நல்ல கள், எந்தக் கடையில் நல்ல கணவாய்ப் பொரியல் என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடித்த மனிதர் ஒருவர் தெருக்கரையில் தடுமாறும்போது அது வெறியா வருத்தமா என்று பார்ப்பது எப்படி என எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வல்லை வெளியில், பங்குனி வெயிலில், பக்கத்தில் உதவிக்கு ஆளில்லாமல் நின்று அதைப் படிக்க வேண்டியிருந்தது.

நண்பனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. உயர்தரம் முடித்த கையோடு அவன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அங்கே கோடை காலத்தில் நயாகராப் பக்கம் போய் ஒவ்வொரு திராட்சைத் தோட்டமாக வைன் சுவைத்து வருவது அவனுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. "எங்கட ஊரிலயும் திராட்சை இருக்கு, வைன் இருக்கு, கள்ளு இருக்கு. அப்பிடி ஒரு நாள் சுத்துவம் மச்சான்" என்று மாதக்கணக்காகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் ஆசைதான். நாள் குறிக்கும்போது முதலில் கலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி வரும் போயா நாளில் இலங்கை முழுவதும் மதுபானம் விற்கத் தடை. தவறணையும் பூட்டுத்தான், வைன் கடையும் பூட்டுத்தான். இன்னொன்று, பனங்கள் வருடம் முழுக்கக் கிடைக்காது. வருடத்தின் முதல் அரைவாசிதான் அதற்கு நல்ல காலம், மற்ற மாதங்களில் தென்னங்கள்ளோடு திருப்திப்பட வேண்டும். பங்குனியில் பனங்கள் உண்டு, ஆனால் வெயில் மனிதரை உருக்கும்.

காலையில் யாழ் நகரில் ரோசரியன் கன்னியர் மடத்தில் தொடங்கினோம். வெளிநாடுகளில் இருப்பதுபோல வரிசையாகக் கிண்ணம் வைத்து ஊற்றித் தரும் ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். போத்தலை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். வைன் ஒரு போத்தல், நெல்லி ரசம் ஒரு போத்தல் வாங்கினோம். அந்த வைன் இனிப்பு. கறுவா, கராம்பு வாசம் அடிக்கும். புளிப்பும் துவர்ப்புமான வைனுக்குப் பழகியவர்கள் முதல் மிடறில் முகம் சுளிப்பார்கள், பிறகு பிடித்துக்கொள்ளும். நெல்லி ரசத்தில் மதுசாரம் இல்லை, நல்ல சீனிப்பாகு, தண்ணீர் கலந்து குடிப்பது. அதைச் சின்னப் பிள்ளைகளுக்கென்றுதான் வாங்கினோம். பின்னேரம் அதற்கு வேறு வேலை வந்தது.

இந்த வைன் தொடங்கிய கதை தோலகட்டியில் இருக்கிறது. வசாவிளான் பக்கம், தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் அது. பூசைக்குத் தேவையான திராட்சை இரசத்தைத் துறவிகள் தாங்களே செய்தார்கள். 1990இல் அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து, பிறகு நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த பூமி. நண்பனுக்கு இதெல்லாம் தெரியாது. நாங்கள் பிடித்திருந்த வாடகை வானை நிறுத்தச் சொல்லி இறங்கி வேலிக்கரையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

அதற்கு முன்னர் நீர்வேலிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஐயா ஒருவரின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். செம்மண், கிணற்றுத் தண்ணீர், தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அந்தப் பந்தலின் கீழ் போய் நின்றால் வெயில் பச்சையாகி விழும். குலைகள் முகத்துக்கு நேரே தொங்கும். ஐயா ஒரு கொடியைத் தூக்கிக் காட்டி விளக்கினார். குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் உறங்கி எழும்பும்; இங்கே உறக்கமில்லை, கத்தரிப்பதுதான் கணக்கு. கத்தரித்து மூன்று, மூன்றரை மாதத்தில் பழம். பழம் முற்றும் நேரத்தில் மழை பெய்தால் குலை வெடித்து, பூஞ்சணம் பிடித்து எல்லாம் போய்விடும். அதனால் மருந்து அடிக்காமல் முடியாது என்று அவரே சொன்னார். "பிடுங்கின உடன வாயில போடாதேங்கோ தம்பி, கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ" என்று ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இங்கே விளைவது பெரும்பாலும் சாப்பிடுகிற திராட்சை. நயாகராவில் வைனுக்கென்றே வளர்க்கும் சாதிகளோடு அதை ஒப்பிட்டு மனம் சோரத் தேவையில்லை. ஐயாவிடம் கேட்டுக்கொண்டு பந்தலின் கீழ் சாக்கை விரித்து, மடத்து வைனை இரண்டு கிளாசில் ஊற்றினோம். என் வாழ்க்கையில் நான் குடித்த நல்ல கிளாஸ் அதுதான். இவ்வளவு நடந்த பிறகும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நண்பனுக்குச் சலரோகம். மெற்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறவன். காலையில் குளிசைகளைப் போட்டுவிட்டு இரண்டு இடியப்பம்தான் சாப்பிட்டான். வைன் குடிக்கும்போது நான் கேட்டேன், "சீனி கூடாதோடா?" "ஒரு நாளைக்குக் கூடினால் என்ன" என்றான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். இனிப்பு வைன், கள் என்றால் சீனி ஏறும் என்ற பயம் மட்டும்தான் இருக்கிறது. மணித்தியாலங்கள் கழிந்து இறங்கும் என்பது தெரியாது. ஏறுவதைவிட அந்த இறக்கம்தான் உடனே ஆளைக் கொல்லக்கூடியது.

மதியம் பருத்தித்துறையில் மீன் சாப்பாடு என்பது திட்டம். ஆனால் கள் காத்திராது. முட்டியில் விழுந்த நேரத்திலிருந்தே பனஞ்சாறு புளிக்கத் தொடங்கும். சுண்ணாம்பு பூசிய முட்டியென்றால் புளிக்காமல் கருப்பணி என்ற பதநீராக இனித்து நிற்கும், இல்லையென்றால் காலையில் இறக்கியது மதியத்துக்குள் ஏறிவிடும். ஆகவே திக்கம் பக்கத்தில் ஒரு தவறணையில் முதலில் இறங்கினோம். நண்பனுக்காகப் பனையோலையில் மடித்த பிளாவில் வார்த்துத் தந்தார்கள். ஓலையின் வாசமும் கள்ளின் நுரையும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அவனுடைய அப்பு குடித்த மாதிரி என்றான். பக்கத்தில் பொரித்த மீன் ஒரு தட்டு. கள் பசியை அடைத்துவிடும். சாப்பாட்டுக்குப் போவோம் என்று நான் சொன்னபோதெல்லாம் "பசிக்கேல்லை, பொறு" என்றான். நேரம் இரண்டு மணி தாண்டியது. சலரோகக்காரரோடு போகிறீர்களென்றால் பசியைக் கேட்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். சோறோ பாணோ மாச்சாப்பாடு ஏதோ வயிற்றுக்குள் போன பிறகுதான் முதல் கிளாஸ். மீன் பொரியல் சாப்பாட்டுக் கணக்கில் வராது, அதில் மாச்சத்து இல்லை.

பெண்களோடு போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவறணையில் பெண்களுக்கு விற்கக்கூடாது என்று 1979இல் ஓர் அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். மனதைப் புண்படுத்தும் சட்டம்தான். இப்போது என்ன நிலை என்று முதலில் விசாரியுங்கள்; சந்தேகமென்றால் அங்கே போய் நின்று அவமானப்படாமல், கருப்பணி இறக்கும் இடம் எதையாவது கேட்டு அங்கே கூட்டிப்போங்கள். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்கேயும் விற்கக்கூடாது.

திரும்பும்போது நண்பன் ஒரு போத்தல் கள் வாங்கி, மூடியை இறுக்கிப் பையில் வைத்தான். அதைத் தடுக்கத் தவறணைக்காரருக்கும் தோன்றவில்லை. கள் போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும், காற்று ஊதிக்கொண்டே இருக்கும். நெல்லியடி வருவதற்குள் பையில் போத்தல் வெடித்தது. கண்ணாடித் துண்டு நல்லகாலம் பையோடு நின்றது. கள் முழுவதும் நண்பனின் சேட்டிலும் காற்சட்டையிலும் இருக்கையிலும். கொண்டுவருவதென்றால் முக்கால்வாசி மட்டும் நிரப்பி மூடியைத் தளர்த்தி, நிமிர்த்தி வைத்து, கொஞ்ச நேரத்துக்கொருமுறை திறந்து விடவேண்டும். அதைவிட நல்லது, கொண்டுவராமல் விடுவது.

வான்காரத் தம்பிக்குக் கோபம். நியாயமான கோபம்தான், கழுவுகிற காசு தருகிறேன் என்றேன். ஆனால் அந்த நேரத்தில் நண்பன் அவனோடு சண்டைக்குப் போய்விட்டான். யாரோடும் குரல் உயர்த்தாத ஆள். சொல்லுக்குச் சொல் பொருந்தாமல் கத்தினான், கை நடுங்கியது, பிறகு சத்தி எடுத்தான். தம்பி வானை வல்லை வெளியில் முனியப்பர் கோயிலடியில் நிறுத்தினான். "அண்ணை, வெறிக்காரரை ஏத்திக்கொண்டு என்னால போகேலாது. எனக்கு வேற ஹயரும் இருக்கு" என்று எங்களையும் பைகளையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான். நாள் வாடகை 15,000 ரூபாவையும் காலையிலேயே முழுதாக வாங்கியிருந்தான். அரைவாசியை வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கொடுப்பது என்று பேசிக்கொண்டு ஏறுங்கள். எங்களைக் கொண்டுபோய் விடவேண்டும் என்ற பிடி ஓட்டுநருக்கு இருக்கவேண்டும்.

வல்லை வெளியைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் உப்புத் தரவை, வீடு வாசலில்லை, அனல் காற்று. கோயிலடியில் மட்டும் கொஞ்சம் நிழல். போகிற வாகனங்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். அப்படி நின்றவர்களிடம்தான் உதவி கேட்டேன். ஒருவர் கிட்ட வந்து மணத்தைப் பிடித்துவிட்டு, "கோயிலடியில இந்தக் கோலத்தில கொண்டந்து வைச்சிருக்கிறியள்" என்று முகத்தைத் திருப்பினார். இன்னொருவர் "வெறி முறிஞ்சால் எழும்புவார், தலையில தண்ணி ஊத்துங்கோ" என்றார். ஓட்டோ ஒன்று நின்று, பார்த்துவிட்டு, ஏற்றாமலே போனது. எனக்குள் வந்த வெட்கமும் ஆத்திரமும் இப்போதும் குறையவில்லை. இருந்தாலும் அவர்களை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. நானும் அது வெறி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் குடித்தது ஒன்றும் அவ்வளவு இல்லையே என்ற எண்ணம் மட்டும் அரித்துக்கொண்டிருந்தது.

கோயிலடியில் கற்பூரம், தேங்காய் விற்கும் அம்மா ஒருவர் எழும்பி வந்தார். நண்பனின் நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்தார். "தம்பி, இந்த வெக்கைக்குள்ள இவருக்கு உடம்பு குளிர்ந்து கிடக்கு. வேர்வையும் குளிர் வேர்வை. சீனி வருத்தக்காரரோ?" என்றார். ஓம் என்றேன். "அப்ப சீனி இறங்கிட்டுது. என்ர மனுசனுக்கும் இப்பிடித்தான் வரும். இனிப்பு என்ன வைச்சிருக்கிறியள்?" பையைக் கொட்டினேன். மடத்து நெல்லி ரசம் உடையாமல் இருந்தது. அந்த அம்மா போத்தல் மூடியில் கொஞ்சம் ஊற்றி, நண்பனின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் விழுங்குகிறானா என்று முதலில் பார்த்தார். விழுங்கினான். பிறகு கோப்பையில் தண்ணீர் குறைத்துக் கலந்து, மிடறு மிடறாகப் பருக்கினார். இந்த ஒழுங்கு முக்கியம் என்று பிறகு வைத்தியரும் சொன்னார். நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மட்டும்தான் வாயால் கொடுக்கலாம். நினைவு இல்லாதவருக்கு ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும்.

1990 என்ற இலக்கம் அந்த நேரத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, வடக்கில் 2018இலிருந்து ஓடுகிறது. தமிழில் கதைத்தார்கள். வல்லை முனியப்பர் கோயில் என்றதும் இடம் விளங்கியது. கூப்பிடும்போது "குடிச்சிட்டார்" என்று தொடங்காதீர்கள். "சலரோகக்காரர், குளிசை போடுறவர், நினைவு தடுமாறுது" என்று தொடங்குங்கள். மதுவையும் மறைக்காதீர்கள், இரண்டாவதாகச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் வந்ததும் விரலில் குத்திப் பார்த்தார்கள். நெல்லி ரசம் குடித்த பிறகும் சீனி 46. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு.

மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நண்பன் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "வான் எங்க?" வல்லையில் நடந்த எதுவும் அவனுக்கு நினைவில்லை. இளம் வைத்தியர் ஒருவர் வெளியே வந்து என்னிடம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சாப்பாடு இல்லாத நேரத்தில் ஈரல்தான் கையிருப்பிலிருந்து சீனியை இரத்தத்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். மது உள்ளே போனால் ஈரல் அதைச் சுத்தம் செய்வதில் முனைந்துவிடும், புதிதாகச் சீனி செய்யும் வேலை தடைப்படும். கிளிக்லசைட் ஒரு பக்கத்தால் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிறு, வெயில், இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இனிப்பு வைன் கொஞ்ச நேரம் சீனியைத் தூக்கிப் பிடித்து எல்லாம் சரி என்று காட்டிவிட்டுப் பிறகு கையை விட்டுவிடும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது குறைவு. கிளிக்லசைட் போன்றவையும் இன்சுலின் ஊசியும்தான் கவனிக்க வேண்டியவை. நடுக்கம், குளிர் வேர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல், இவை வெறியிலும் வரும், சீனி இறக்கத்திலும் வரும். குடித்திருந்தால் பார்ப்பவர்கள் வெறி என்றுதான் முடிவு கட்டுவார்கள். சந்தேகம் வந்தால் இனிப்புக் கொடுத்துப் பாருங்கள், சீனி ஏற்கனவே கூடித்தான் இருந்தது என்றாலும் ஒரு கோப்பை இனிப்பால் உடனே பெரிய கேடு வந்துவிடாது என்றார்.

அன்றிரவு அவனை ஆஸ்பத்திரியில் மறிக்க வேண்டி வந்தது. கிளிக்லசைட் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் திரும்ப இறங்கலாம். இது எனக்குப் புதிய செய்தி. எழும்பி நடக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனால் நித்திரையில் போய்விடுவார். அன்றிரவு கொழும்பு பஸ்ஸில் அவன் ஏறவேண்டும், அடுத்த நாள் இரவு கட்டுநாயக்காவில் விமானம். இரண்டும் போனது. ரிக்கற் மாற்ற 600 கனடா டொலருக்கு மேல் கட்டினான். பயணக் காப்புறுதிக்காரர் மது சம்பந்தப்பட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். காப்புறுதி எடுப்பவர்கள் அந்த வரியை முதலே தேடி வாசியுங்கள், பல பத்திரங்களில் அது இருக்கிறது. அவனுக்கு வேலையிலும் சம்பளமில்லாத லீவு. எனக்குப் போனது வான் காசும் ஓர் இரவின் நித்திரையும்தான். ஆனால் விறாந்தையில் இருந்துகொண்டு ரொறன்ரோவுக்கு அழைத்து அவன் மனைவிக்கு இதைச் சொல்லவேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் பெரிய பாரம். "அண்ணா, நீங்கள் பக்கத்திலதானே இருக்கிறியள்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுபடி போவோமா என்று கேட்டால், போவோம். திராட்சைப் பந்தலும் பிளாவும் அவனுக்குக் கிடைக்கவேண்டியவைதான். ஆனால் ஒழுங்கு மாறும். காலையில் வயிறு நிறையச் சாப்பாடு. குடிக்கிற நாளில் குளிசையை என்ன செய்வது என்று அவன் தன் வைத்தியரிடம் கேட்டு வரவேண்டும், தானாக நிறுத்துவதும் ஆபத்து. சீனி பார்க்கும் சின்ன மெசின் பையில் இருக்கவேண்டும். சேட்டுப் பையில் குளுக்கோஸ் பக்கற் ஒன்றும், சலரோகம், எடுக்கும் மருந்து, வீட்டு இலக்கம் எழுதிய துண்டு ஒன்றும். வைனும் கள்ளும் ஒரே நாளில் இல்லை. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு இரண்டு பேரில் ஒருவர் தொடுவதில்லை, அது நான். இரவு படுக்க முன்னர் இன்னொரு தடவை விரலில் குத்திப் பார்ப்பது, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுப்பது.

அந்த அம்மாவைப் பார்க்க அடுத்த கிழமை ஒரு நெல்லி ரசப் போத்தலோடு போனேன். வாங்கமாட்டேன் என்றார். தன் கணவருக்கு ஒரு மெசின் இருக்கிறது, ஆனால் அதற்குப் போடும் பட்டி விலை கூடிவிட்டதால் இப்போது பார்ப்பதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பட்டிகளை நண்பன் ரொறன்ரோவிலிருந்து அனுப்புகிறேன் என்றான். மெசினின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வேறு மெசினின் பட்டி அதற்குப் பொருந்தாது.